நேர்ச்சைக்காரி

பண்டாரவளைக் கடைத்தெருவில் ஸுலைஹாவுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: நேர்ச்சைக்காரி. முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. சொல்லியிருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்கள். முதுகுக்குப் பின்னால் அதுதான் பேர். ஊரின் ஒரே சாம்பியனைப் பிடித்து முந்தானையில் முடிந்துவைத்தவளாம். அவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் டிரைவர்மார் பந்தயத்து வெள்ளிக் கிண்ணம் இன்றைக்கும் பண்டாரவளையிலேயே இருந்திருக்குமாம். இப்போது அது பதுளையில் இருக்கிறதே, அந்த வயிற்றெரிச்சல். மூன்று வருஷமாக இதே பேச்சு. வேறு வேலை இல்லாத சனங்கள், வேறென்ன சொல்ல?

அவளுடைய புருஷன் ஹுமைத் யாரென்று சொன்னால்தான் இந்த வயிற்றெரிச்சலின் அளவு விளங்கும். ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடுகிற காலத்தில், அங்கிருந்து பதுளைக்குக் குதிரை வண்டிதான். பதினெட்டு வயதில் அந்த வண்டியின் கடிவாளத்தைப் பிடித்தவன் ஹுமைத். மழையோ மூடுபனியோ, தினமும் ஒரு தடவை இறங்கி ஒரு தடவை ஏறினான். எந்த வளைவில் குதிரைக்கு மூச்சு வாங்கும், எங்கே பாதை வெளிப்பக்கம் சரியும், எங்கே தண்ணீர் குறுக்கே ஓடும் என்பதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். மோட்டார் வந்ததும் குதிரை வண்டி படுத்துவிட்டது. வெள்ளிமலைத் தோட்டத்துத் துரை அவனைத் தன் காருக்கு டிரைவராக எடுத்துக்கொண்டார்.

அந்த வட்டாரத்து வெள்ளைக்காரத் துரைமாருக்கு வருஷத்துக்கு ஒரு கூத்து வேண்டும். ஆகஸ்ட் மாதம், மழை ஓய்ந்து பாதை காய்ந்திருக்கும்போது, தெமோதரைப் பாலத்திலிருந்து பண்டாரவளை வரைக்கும் மேட்டில் கார் ஓட்டுவார்கள். ஒன்றாக ஓடுவதில்லை, பாதை அவ்வளவு அகலமில்லை. ஒவ்வொரு காராகக் கொடி காட்டி விட்டு, மேலே ஒருவர் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். குறைந்த நேரத்தில் ஏறியவருக்குக் கிண்ணம். காலையில் துரைமார் ஓட்டம். மத்தியானச் சாப்பாடும் குடியும் முடிந்து கொஞ்சம் மப்பில் இருக்கும்போது, "என் டிரைவர் பெரியவனா, உன் டிரைவர் பெரியவனா" என்று ஒரு தகராறு கிளம்பியதாம். அப்படி முளைத்ததுதான் டிரைவர்மார் ஓட்டம். அதற்குக் கொடுக்கிற கிண்ணம் துரைமார் கிண்ணத்தில் பாதிதான். ஆனால் சனம் திரண்டது என்னவோ இதற்குத்தான். கடைகளை அடைத்துவிட்டு ஓடினார்கள். தோட்டத் தொழிலாளர் லயங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து பாதையோரத்து மண்மேட்டில் உட்கார்ந்தார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொன்பதாம் ஆண்டில் ஹுமைத் முதல் தடவையாக ஓடினான். வென்றான். அடுத்த வருஷமும் வென்றான். அதற்கடுத்த வருஷமும். இப்படி ஐந்து வருஷம். மற்ற டிரைவர்மார் வளைவைக் கண்டதும் பிரேக்கை மிதிப்பார்கள். இவன் வளைவுக்கு வெகுமுன்பே ஒரு தடவை லேசாகத் தொட்டுவிட்டு, வளைவுக்குள்ளே காலை எடுக்காமல் போவான். "பைத்தியக்காரன்" என்றார் ஒரு துரை. "என் பைத்தியக்காரன்" என்றார் வெள்ளிமலைத் துரை. ஐந்தாவது வெற்றிக்குப் பிறகு தேத்தண்ணிக் கடை புஹாரி, தெரு முழுக்க வட்டிலப்பம் செய்து கொடுத்தான். பதுளையிலிருந்து வந்த ஆட்கள்கூட வெட்கமில்லாமல் வாங்கித் தின்றுவிட்டுப் போனார்கள்.

ஸுலைஹா என்ன செய்துகொண்டிருந்தாள் என்கிறீர்களா? பந்தய நாள் காலையிலிருந்தே திட்டிக்கொண்டிருப்பாள். "பிள்ளை குட்டி இல்லைன்னா உசிருகூட இல்லைன்னு நெனப்பா?" என்பாள். ஆனால் டிரைவர்மார் ஓட்டம் தொடங்கும் நேரத்தில் அவள் அடுப்படியில் இருக்கமாட்டாள். வீட்டுக்குப் பின்வேலியைத் தாண்டிப் பார்த்தால் கடைசி வளைவு தெரியும். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அங்கே நிற்பாள். மற்ற கார்கள் அந்த மேட்டில் முக்கி முனகி ஏறும். ஹுமைத்தின் கார் ஒரே மூச்சில் வரும். செம்மண் அப்பிய முகமும் வெள்ளைப் பல்லுமாக, கொடியைத் தாண்டுவதற்கு முன்னால் அவன் ஒரு தடவை வேலிப்பக்கம் பார்ப்பான். அத்தனை சனம் அந்தப் பக்கம் கத்திக்கொண்டிருக்கும்போது அவன் இந்தப் பக்கம் பார்ப்பான். அந்த ஒரு நொடிக்காக அவள் வருஷம் முழுக்கக் காத்திருந்தாள் என்று சொன்னால் மிகையில்லை.

இருபத்து நாலாம் வருஷம் கொய்யாமரத்து வளைவில் கார் பாதையை விட்டுப் போயிற்று. கல்லில் ஏறியதா, டயர் வெடித்ததா, யாருக்கும் தெரியாது. தேயிலைக்குள் இரண்டு கரணம் அடித்து, நாலு சக்கரமும் வானத்தைப் பார்க்கக் கிடந்தது. அதற்கு அடியில் ஹுமைத். தோட்டத்து ஆட்கள் மரங்களை வெட்டி நெம்புகோல் போட்டுக் காரைத் தூக்க இரண்டு மணித்தியாலம் ஆயிற்று. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது பேச்சு மூச்சில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஸுலைஹா இரண்டு கையையும் ஏந்தினாள். மனசுக்குள் கேட்டிருக்கலாம். அவளுக்கு எதையும் மெதுவாகச் செய்து பழக்கமில்லையே! "யா அல்லாஹ், இவர உசிரோட எழுப்பித் தந்துடு. எந்திரிச்சார்னா இனிப் பந்தயத்துல கை வைக்கவே மாட்டார். இது என்ட நேர்ச்சை!" என்று உரக்கச் சொன்னாள். பண்டாரவளையிலிருந்து வந்திருந்த பாதிக் கடைத்தெரு அதைக் கேட்டுக்கொண்டு நின்றது.

நாலாம் நாள் ஹுமைத் கண் விழித்தான். இருபதாம் நாள் கம்பை ஊன்றிக்கொண்டு நடந்தான். நேர்ச்சை விஷயத்தைப் பெண்டாட்டி சொல்வதற்கு முன்னால் புஹாரி போய்ச் சொல்லிவிட்டான். ஹுமைத் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு, "சரி. அல்லாஹ்வுக்கு நேர்ந்தாச்சு. மீற ஏலாது" என்றான். அவ்வளவுதான். சண்டை போடுவான் என்று தயாராக வந்திருந்த ஸுலைஹாவுக்கு அழுகை வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவன் துரையிடம் வேலைக்குப் போகவில்லை. ஒரு பழைய காரை வைத்துக்கொண்டு ஸ்டேஷனிலிருந்து அப்புத்தளைக்கும் பதுளைக்கும் ஆள் ஏற்றினான். அந்தக் கார் போகிற வேகத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். மாட்டு வண்டி ஒதுங்கி வழிவிட்டுவிட்டு, பிறகு பொறுக்காமல் தானே முந்திக்கொண்டு போகும். "நேர்ச்சை அப்படி, பாவம், வேகத்தையே விட்டுட்டான்" என்று ஊர் பரிதாபப்பட்டது. அவன்மேல் பரிதாபம், அவள்மேல் ஆத்திரம். கிண்ணம் பதுளை டிரைவர் இத்ரூஸின் கைக்குப் போனதும் ஆத்திரம் இரட்டித்தது. ஒவ்வொரு ஆகஸ்டிலும் புஹாரி வந்து வாசலில் நின்று கெஞ்சுவான். அவள் கதவுக்குப் பின்னால் நின்று, "நேர்ந்தது நான், ஆனா கேக்கிறவன் மேல இருக்கிறான்" என்று சொல்லி அனுப்பிவிடுவாள்.

அவளுக்கும் தெரியாமல் இல்லை. புருஷன் சோற்றுப் பீங்கானுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது வலது கால் பாயை அழுத்திக்கொண்டிருக்கும். கையில் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துக்கொண்டு இப்படியும் அப்படியும் திருப்புவான். பந்தய நாளன்று மண்மேட்டில் கூட்டத்தோடு கூட்டமாகப் போய் உட்கார்ந்துவிட்டு, வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசமாட்டான். சாயந்தரம் தவறாமல் வீட்டுக்கு வருகிற, ஏசினால் எதிர்த்துப் பேசாத, நல்ல புருஷன். அவள் அல்லாஹ்விடம் கேட்டு வாங்கிய உசிர். ஆனால் செம்மண் முகத்தோடு வேலிப்பக்கம் பார்த்த அந்த மனுஷன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரவே இல்லை. எங்கே போனான் என்று அவள் யாரிடம் கேட்பாள்? அவனை அனுப்பியதே அவள்தானே!

இருபத்தேழாம் வருஷம், பந்தயம் சனிக்கிழமை. திங்கட்கிழமை, பள்ளிவாசலில் தொழவைக்கிற லெப்பையின் வீட்டில் நபிபுகழ் ஓதும் மௌலூது. ஓதி முடித்துப் பெண்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி, தன் மகன் சுருட்டுக் குடிக்கிறதை விட்டுவிடுவான் என்று நேர்ந்திருப்பதாகவும், அவன் கேட்கமாட்டேன் என்கிறான் என்றும் புலம்பினாள். லெப்பையின் பெண்சாதி பலீலாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் விஷயம் தெரிந்தவள்.

"அடுத்தவன்ட வாய்க்கு நீ எப்படிப்பா நேர்வாய்?" என்று சிரித்தாள். "நீ நோன்பு பிடிக்கிறேன்னு நேரு, சோறாக்கிக் குடுக்கிறேன்னு நேரு. அது ஒன்ட கையில இருக்கு. இன்னொருத்தன் இதைச் செய்யமாட்டான்னு நீ நேர்ந்தா அது அவனைக் கட்டாது. அது நேர்ச்சையே இல்ல புள்ள, வெறும் ஆசை."

எல்லாப் பெண்களும் ஒரே சமயத்தில் ஸுலைஹாவைப் பார்த்தார்கள். பலீலா நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஸுலைஹா கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினாள். ஒரு செருப்பு மாறிப்போனதுகூடத் தெரியாமல் வீடு வந்து சேர்ந்தாள்.

மூன்று நாள் அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும்? அவன் எழுந்து போவான். வெள்ளிமலைத் துரை இன்னும் ஆள் அனுப்பிக்கொண்டுதான் இருந்தார், ஹுமைத் வந்தால் கார் தயார் என்று. போவான், ஏறுவான், கொய்யாமரத்து வளைவுக்கு வருவான். அதற்கு மேல் அவளால் நினைக்க முடியவில்லை. சொல்லாவிட்டாலோ? செல்லாத நேர்ச்சையைக் காட்டி ஒரு மனுஷனைக் கட்டிப்போட்டிருக்கிறாள். தெரியாமல் செய்தது வேறு. தெரிந்துகொண்டு செய்தால் அதற்குப் பேர் என்ன? செவ்வாய்க்கிழமை சோறு குழைந்துபோயிற்று. புதன்கிழமை கறியில் உப்பே இல்லை. ஹுமைத் இரண்டையும் பேசாமல் தின்றான். அவன் ஒரு வார்த்தை ஏசியிருந்தால் அவள் இன்னும் ஒரு நாள் தாங்கியிருப்பாள்.

வியாழக்கிழமை பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு அவன் வீட்டுக்குள் வந்ததும் அவள் கதவைச் சாத்தினாள்.

"இஞ்ச பாருங்க. ஒண்ணு சொல்லணும். நடுவுல பேசாதீங்க, பேசினா எனக்குச் சொல்ல வராது" என்றாள். "அந்த நேர்ச்சை செல்லாது. நான் நேர்ந்தது உங்களைக் கட்டாது. பலீலா சொன்னா. திங்கக்கிழமையே தெரியும், பயத்துல மறைச்சேன். நாளன்னைக்குப் போங்க. ஓடுங்க. நான் வேலியடியில நிப்பேன். மூணு வருஷமா நீங்க மனசுக்குள்ளேயே ஏங்குறத என்னால பாத்துக்கிட்டு இருக்க ஏலாது."

சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். சந்தோஷம் வரும் என்று நினைத்தாள். கோபம் வந்தாலும் வரட்டும் என்று நினைத்தாள். இரண்டும் வரவில்லை. அவன் மெதுவாகப் பாயில் உட்கார்ந்தான்.

"எனக்குத் தெரியும், ஸுலைஹா."

"என்ன தெரியும்?"

"செல்லாதுன்னு. ஆஸ்பத்திரியில இருந்து வந்த கிழமையே லெப்பைக்கிட்ட கேட்டேன். கட்டாதுன்னுதான் சொன்னார். யாருக்கும் சொல்லாதீங்கன்னு நான்தான் கையைப் பிடிச்சுக் கெஞ்சினேன்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது.

"தெரியுமா? தெரிஞ்சுகிட்டா இருந்தீங்க? இந்த ஊரு மூணு வருஷமா என்னை நார் நாராக் கிழிக்குது. கடைக்குப் போனா முகத்தைத் திருப்புறானுகள். கொலைகாரி மாதிரி நடத்துறானுகள். நீங்க வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னீங்களா? என்னத்துக்கு? எதுக்காக இதைச் செஞ்சீங்க?"

"பயம்" என்றான் ஹுமைத்.

அவள் கதவடியிலேயே குந்தினாள்.

"காருக்கு அடியில ரெண்டு மணித்தியாலம் கிடந்தேன். எனக்கு நெனவு இருந்துச்சு. எல்லாரும் இல்லைன்னு நெனைச்சாங்க. பெட்ரோல் நெத்தியில சொட்டுச் சொட்டா விழுந்துச்சு. மேல யாரோ தீப்பெட்டி கேக்கிறான். கத்தப் பாக்கிறேன், சத்தம் வரல." அவன் கையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "இப்பவும் பதுளைக்குப் போறப்ப அந்தக் கொய்யாமரத்துக்கிட்ட இறங்கிடுவேன். டயரைப் பாக்கிற மாதிரி நிப்பேன். கால் நடுக்கம் நின்னப்புறம்தான் ஏறுவேன். காருக்குள்ள இருக்கிறவங்க, நேர்ச்சைக்காரன் பத்திரமா ஓட்டுறான்னு சொல்றாங்க. நீ நேர்ந்துட்டேன்னு புஹாரி வந்து சொன்னானே, அன்னைக்கு எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? ஓடாம இருக்கிறதுக்கு ஒரு மரியாதையான காரணம் கிடைச்சுது. அதைப் பிடிச்சுக்கிட்டேன். உன் தலையில வச்சுட்டேன்."

"அப்போ அந்த ஏக்கமெல்லாம்? கோப்பையைப் பிடிச்சுக்கிட்டுத் திருப்புறது, மண்மேட்டுல போய்க் குந்துறது?"

"அது நெசம்" என்றான். "ஆசை ஒரு துளிகூடக் குறையல. குறைஞ்சிருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேனே. இத்ரூஸ் ஏறுறதப் பாக்கிறப்ப வயிறெல்லாம் எரியுது. பந்தயக் கார்ல ஏறணும்னு நெனைச்சா வேர்த்துக் கொட்டுது. ரெண்டும் ஒண்ணா இருக்குது ஸுலைஹா, நான் என்ன செய்ய?"

அவள் எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டாள். குடத்தைப் போட்டு உருட்டினாள். காய்ந்த துணியை எடுத்து மறுபடியும் நனைத்தாள். கடைத்தெருவின் நடுவில் போய் நின்று, "கேளுங்கடா, உங்க சாம்பியன் பயந்தாங்கொள்ளி!" என்று கத்த வேண்டும்போல் இருந்தது. அவள் கத்தினால் அப்புத்தளை வரைக்கும் கேட்கும். மூன்று வருஷத்து அவமானத்தையும் ஒரே மூச்சில் கழுவிவிடலாம். அன்றைக்கு அவனோடு அவள் பேசவில்லை. சோற்றைப் பாய்மேல் வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து அரை மணித்தியாலம் ஆகவில்லை, தெருவில் கலகலவென்று சத்தம். புஹாரி வந்தான். வழக்கம்போல் தனியாக வரவில்லை. பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர். முகமெல்லாம் ஒரே சிரிப்பு. மௌலூதுக்குப் போன பெண்கள் வீட்டில் சும்மா இருப்பார்களா? அவரவர் புருஷனிடம் சொல்லி, புருஷன்மார் பள்ளிவாசலில் லெப்பையைச் சூழ்ந்துகொண்டு கேட்டுவிட்டார்கள். கேட்டால் லெப்பை பொய்யா சொல்வார்?

"தங்கச்சி!" என்று புஹாரி வாசலிலிருந்தே கூவினான். "லெப்பையே தீர்த்துச் சொல்லிட்டார். உங்க நேர்ச்சை மச்சானைக் கட்டாதாம். ஒரு குத்தமும் இல்லையாம். துரை காரை எடுத்துத் தயாரா நிப்பாட்டியிருக்கார். மச்சான் எங்க? தூக்கிக்கிட்டுப் போகத்தான் வந்திருக்கோம்!"

ஸுலைஹா திரும்பிப் பார்த்தாள். ஹுமைத் உள்ளறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகத்தில் இரத்தமே இல்லை. மூன்று வருஷமாக மறைந்திருந்த ஒரே இடத்தையும் ஊர் பிடுங்கிவிட்டது. அவன் அவளைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தான். உதடு அசைந்தது. இதோ, அவனே சொல்லப்போகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. பத்துப் பன்னிரண்டு பேருக்கு முன்னால், ஐந்து வருஷம் அவனைத் தோளில் தூக்கியவர்களுக்கு முன்னால், அந்த ஒரு வார்த்தையைச் சொல்லப்போகிறான்.

அவள் முக்காட்டை இழுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். அந்நிய ஆண்களுக்கு முன்னால் அவள் அப்படி வந்து நின்றதே இல்லை. புஹாரி இரண்டடி பின்னால் போனான்.

"நேர்ச்சை செல்லாதா? சரி, செல்லாமப் போகட்டும்" என்றாள். "நேர்ச்சையும் இல்ல, மார்க்கமும் இல்ல. எனக்குப் பயம். கேட்டுக்குங்க புஹாரி நாநா, பயம் எனக்கு. அவர் ஓடணும்னு துடிக்கிறார். நேத்து முழுக்க என்கிட்ட கெஞ்சினார். நான்தான் விடல. இன்னைக்கும் விடமாட்டேன், சாகிற வரைக்கும் விடமாட்டேன். காரைத் தொட்டார்னா நான் கெணத்துல குதிப்பேன்னு சொல்லியிருக்கேன். போய் ஊரெல்லாம் சொல்லுங்க, ஸுலைஹா ஒரு பயந்தாங்கொள்ளி, புருஷனைக் கெடுத்தவள்னு. இனி இந்த வாசலுக்கு வராதீங்க."

புஹாரியின் சிரிப்பு அப்படியே காய்ந்துவிட்டது. "இவ்வளவு நாளும் அல்லாஹ்வுக்காகன்னு நெனைச்சோம். இப்போதானே தெரியுது" என்றான். கூட்டத்தில் ஒருவன் காறித் துப்பினான். "இப்படி ஒருத்தியக் கட்டினானே, பாவம் ஹுமைத்" என்று சொல்லிக்கொண்டே போனார்கள்.

அவள் கதவைச் சாத்திவிட்டு, அதைப் பிடித்தபடியே நின்றாள். பின்னால் ஹுமைத் குழந்தை மாதிரி தேம்பும் சத்தம் கேட்டது. அவள் உடனே திரும்பவில்லை. நாளைக்கு அந்தக் கடைசி வளைவில் செம்மண் முகத்தோடு அவன் வருவான் என்று, நேற்றுப் பின்னேரம் வரைக்கும் அவள் நம்பியிருந்தாள். தன் கண்ணீர் அதற்காகத்தான் என்று அவனுக்குத் தெரிய வேண்டாம். முகத்தைத் துடைத்துக்கொண்ட பிறகே அவன் பக்கம் போனாள்.